தொண்டையில ஒண்ணும் இல்ல, ஆனா முழுங்க முடியல

இந்த வாரம் கோடிங் பத்திப் பேசப் போறதில்ல. சாப்பாட்டைப் பார்த்து நான் பயந்த கதையைச் சொல்லப் போறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி. ஓரிக்கை வீட்டுல வொர்க் ஃப்ரம் ஹோம். மீட்டிங்ல பேசிக்கிட்டே சப்பாத்தி சாப்பிட்டேன். ஒரு துண்டு தொண்டையில சிக்கிடுச்சு. இருமுனேன், வெளிய வந்துடுச்சு. மொத்தமே பத்து செகண்ட் இருக்கும்.

அடுத்த நாள் சப்பாத்தி வேணாம்னு தோணுச்சு. அப்புறம் பரோட்டா, தோசை, கறின்னு ஒவ்வொண்ணா போச்சு. மூணு மாசத்துல மிஞ்சினது கஞ்சி, குழைச்ச மோர் சாதம், டீயில ஊறின பிஸ்கட். 68 கிலோ இருந்தவன் 57க்கு வந்துட்டேன்.

இதுல கொடுமை என்னன்னா, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் வீடியோ கால்ல "சூப்பர்டா, என்ன டயட்?"னு கேட்டாங்க. அம்மா காதல் தோல்வின்னு நினைச்சு, திருஷ்டி கழிச்சாங்க. பாட்டி தறிக்குத் தார் சுத்திக்கிட்டே, "ஒரு வாய்தானடா, கண்ண மூடிக்கிட்டு முழுங்கு"ம்பாங்க. அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லல. ஆனா நான் தட்டைத் தள்ளி வைக்கிறப்போ அவரும் பாதியில எழுந்துடுவார். அதுதான் ரொம்ப வலிச்சுது.

காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போனேன். மூக்கு வழியா கேமரா விட்டுப் பார்த்துட்டு, "தொண்டையில ஒண்ணும் இல்ல, தைரியமா சாப்பிடுங்க"ன்னார். இந்தப் பரிசோதனை அவசியம், முதல்ல அதைத்தான் செய்யணும். ஆனா ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்ச பிறகும் என்னால முழுங்க முடியல.

சென்னையில ஒரு உளவியலாளர்தான் இதுக்குப் பேர் இருக்குன்னு சொன்னாங்க: ஆர்ஃபிட். தமிழ்ல விளக்கினா, உணவைத் தவிர்க்கிற, ரொம்பக் குறைச்சுக்கிற கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 2013ல வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டுலதான் இந்தப் பேர் முதல்ல வந்துச்சு. 2022ல நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயும் இருக்கு.

அனோரெக்சியான்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல குண்டாயிடுவோமோங்கிற பயம் இருக்கும். ஆர்ஃபிட்ல அது இருக்காது. பெரும்பாலும் மூணு காரணம்தான். ஒண்ணு, சாப்பாட்டோட வாசனை, வழவழப்பு, நறநறப்பு தாங்காது. ரெண்டு, பசியே எடுக்காது, சாப்பாட்டுல ஆர்வமே இருக்காது. மூணாவது என்னோடது: சிக்கிடும், வாந்தி வரும், அலர்ஜி ஆயிடும்ங்கிற பயம். ஒருத்தருக்கே ரெண்டு, மூணு காரணம் சேர்ந்தும் இருக்கலாம்.

இது ஏதோ வெளிநாட்டு வியாதின்னு நினைச்சீங்கன்னா, இல்ல. 1995லயே டெல்லி மனநல மருத்துவர்கள் அஞ்சு இளம் பெண்களைப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. சாப்பிட மறுப்பு, வாந்தி, எடை குறைவு எல்லாம் இருந்துச்சு. ஆனா அனோரெக்சியாவுல வழக்கமா பார்க்கிற 'நான் குண்டா இருக்கேன்'ங்கிற எண்ணம் இல்ல. அதனால என்ன நோய்னு முடிவு பண்றதே டாக்டர்களுக்குச் சிரமமா இருந்திருக்கு. 2007ல வேலூர் சி.எம்.சி-யில இருந்து குழந்தைகள், பதின்வயதினர் பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு. உண்ணுதல் கோளாறோட வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இருந்தது மனசு சம்பந்தமான வாந்தி. இவங்க எல்லாருக்கும் ஆர்ஃபிட்னு நான் சொல்லல. சாப்பிடாதவங்க எல்லாரும் ஒல்லியாக ஆசைப்படுறவங்க இல்லன்னு நம்ம ஊர் டாக்டர்கள் எப்பவோ பார்த்துட்டாங்க. வீட்டுலதான் நாம இன்னும் 'அடம்'னு சொல்லிக்கிட்டு இருக்கோம்.

சரி, பத்து செகண்ட் விஷயம் ஏன் மாசக்கணக்கா நீடிச்சுது? நாம முழுங்கும்போது குரல்வளை மேல ஏறி, மூச்சுக்குழாய் மூடி, மூச்சு ஒரு கணம் நின்னுடும். தானா நடக்கிற வேலை இது. பயம் வந்தா வாய் காயும், தொண்டைத் தசை இறுகும், முழுங்குறது நிஜமாவே கஷ்டமாகும். உடனே மூளை, 'பார்த்தியா, ஆபத்துதான்'னு சொல்லும். தட்டைத் தள்ளினதும் நிம்மதி வரும். மூளை அதை, 'சாப்பிடாததாலதான் பொழைச்சோம்'னு எழுதி வச்சுக்கும். எங்க பாஷையில சொன்னா, அலாரம் தப்புன்னு நிரூபிக்கிற டெஸ்ட் ஓடவே இல்ல. அதனால அலாரமும் நிக்கல.

சிகிச்சைன்னா, அந்த டெஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஓட விடுறதுதான். பத்து உணவை எழுதி, ஒவ்வொண்ணுக்கும் 100க்கு எவ்வளவு பயம்னு மார்க் போட்டேன். சாம்பார்ல ஊறின இட்லி 30, தோசை 50, சப்பாத்தி 95. நம்ம வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி 80. மூங்கில் குடலையில மந்தாரை இலை போட்டு வேக வைப்பாங்களே, அதேதான். மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்ட கெட்டி இட்லி. சின்ன வயசுல இருந்து எனக்குப் பிடிச்சதே அதுதான்.

கீழ இருந்து தொடங்கினோம். ஒரே உணவு, தினமும், சின்ன வாய். பயம் தானா இறங்குற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேன், அதையும் குறைக்கச் சொன்னாங்க. தண்ணிதான் காப்பாத்துதுன்னு மூளை நம்பிடுமாம்.

வீட்டுல மாறினது ஒண்ணுதான்: தட்டைப் பார்க்கிறதை நிறுத்திட்டாங்க. கெஞ்சல் இல்ல, திட்டு இல்ல, "இன்னைக்கு ரெண்டு தோசை!"ன்னு பாராட்டும் இல்ல. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து தறிக் கதை பேசினோம். அப்பாவும் முழுசா சாப்பிட ஆரம்பிச்சார்.

ஆறாவது மாசம் ஒரு துண்டு குடலை இட்லி சாப்பிட்டேன். இருபது நிமிஷம் ஆச்சு. பல்லுல மிளகு கடிபட்டப்போ நெஞ்சு அடிச்சுது. ஆனா ஒண்ணும் ஆகல.

ரெண்டு எச்சரிக்கை. தண்ணி கூட இறங்கல, மயக்கம் வருது, வேகமா இளைக்கிறீங்க, குழந்தைக்கு எடை ஏறலன்னா, நான் சொன்ன லிஸ்ட் எல்லாம் அப்புறம், முதல்ல டாக்டர். ரொம்ப நாள் சரியா சாப்பிடாதவங்க திடீர்னு நிறைய சாப்பிடுறதும் ஆபத்து, டாக்டர் மேற்பார்வை வேணும். யார்கிட்ட தொடங்குறதுன்னு தெரியலன்னா 14416, டெலி மனஸ். மத்திய அரசோட இலவச மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம்.

சப்பாத்தி எனக்கு இன்னும் 40லதான் நிக்குது. பரவாயில்ல, சாப்பிடுறேன். உங்க வீட்டுல யாராவது தட்டைத் தள்ளி வச்சா, "ஏன் அடம் பிடிக்கிற?"ன்னு கேட்காதீங்க. "பயமா இருக்கா?"ன்னு கேட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.