கொழுக்கட்டைப் புல்லின் பிறப்புச் சான்று

பாலக்காட்டு எல்லையிலுள்ள கோபாலபுரத்தைக் கடந்து, கிழக்கே பொள்ளாச்சி, தாராபுரம், காங்கயம் என்று செல்லச் செல்லப் பசுமை குறைந்து நிலம் வறள்வதை, அவ்வழியே ஊர் திரும்பும் நம்மவர் கண்டிருப்பர். கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் மாடுகள். கொறங்காடு என்று நம் குடியானவர் வழங்கும் அம்மேய்ச்சல் நிலங்களின் உயிர் கொழுக்கட்டைப் புல்லேயாகும். மழை பொய்த்த ஆண்டிலும் அதன் தூர் மடியாது கிடந்து, அடுத்த மழையில் துளிர்க்கும்.

இத்தகைய புற்களுக்கும் பிறப்புச் சான்று உண்டு என்றால் நேயர்கள் வியப்புறலாம். செடியை வேரோடு எடுத்து, தாள்களினிடையே அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் பொருத்தி, ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள். இடம், தேதி, சேகரித்தவர் பெயர் ஆகியவை அச்சீட்டில் இருக்கும். இவ்வாறு திரண்ட தாள்களைக் காக்கும் உலர்தாவரச் சாலை ஒன்று கோவையில் இருக்கிறது. சென்னையிலிருந்து 1909இல் அங்கு வந்ததால், இன்றும் அதற்குச் சென்னைப் பெயரே வழங்குகிறது. ஊர் மாறியும் பெயர் மாறாதவர் நம்முள்ளும் பலர் அன்றோ!

கொழுக்கட்டைப் புல்லுக்கு 1771இல் லத்தீன் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். அவர் கண்ட மாதிரி தென்னாப்பிரிக்க நன்னம்பிக்கை முனையில் கிடைத்தது. அதைத் திரட்டியவர் அவருடைய மாணாக்கர் கோனிக். அவரே பின்னர் நம் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து சேர்ந்தார். ஆப்பிரிக்கா தொட்டு நம் நாடு வரை இப்புல் இயற்கையாக வளர்வதாகும்.

அமெரிக்காவிலோ கதை வேறு. கால்நடைத் தீனிக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே கொண்டு சென்றனர். அரிசோனாவின் பாலைவனச் செடிகள் இடைவெளி விட்டு நிற்பவை; ஆதலால் அங்கே தீ பரவுதல் அரிது. இப்புல் அவ்விடைவெளிகளை நிரப்பியது. தீயில் புல்லின் தூர் பிழைக்கிறது. முதற்கிளை விடவே அரை நூற்றாண்டுக்கு மேல் எடுக்கும் சகுவாரோ கள்ளி கருகுகிறது. சபீனோ பள்ளத்தாக்கில் தொண்டர்கள் இப்புல்லைக் கையால் பிடுங்குகின்றனர். 2005இல் அம்மாநில அரசு இதைத் தீங்குக் களையென அறிவித்தது.

வந்தேறி எது, மண்ணுக்குரியது எது என்று ஆராய்வோர் முதலில் நாடுவது பழைய தாள்களையே. சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினால், ஒரு புல் எப்போது எங்கே தலைகாட்டியது என்பது புலப்படும். நம் பக்கத்தில் அத்தாள்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. சீட்டில் குறித்த மேய்ச்சல் நிலம் பின்னாளில் மனைகளாகப் பிரிந்துபோனால், அங்கே அந்தப் புல் நின்றதற்கு அத்தாளே சாட்சி.