கரிசல் காட்டில் தடம் காட்டும் கருவி

ஆமத்தூரில் விருதுநகர் - சிவகாசி தார்ச் சாலையை விட்டு இறங்கியதும் வண்டிப்பாதை தொடங்கிவிடுகிறது. ஓடைக் கரையில் சிறிது தூரம், பொழி மீது சிறிது தூரம், தரிசின் குறுக்கே சிறிது தூரம் என்று அது வளைந்து செல்லும். அறுவடைக் காலத்தில் வெளியூரிலிருந்து வரும் இயந்திரத்திற்குப் பகலில் வழிகாட்ட நிலத்துக்காரர் உடன் வருவார். வேலை முடிந்து நள்ளிரவில் திரும்பும்போது ஓட்டுநர் தனியே வர நேரிடுகிறது. இடையில் யாரேனும் தரிசை உழுது போட்டிருந்தால் பாதையின் சுவடே இராது. சீமைக்கருவேல் மறைத்து நிற்கும், கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங் கிணறுகளும் இக்காடுகளில் உண்டு. ஆகவே டிராக்டர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர், செயற்கைக்கோள் மூலம் வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றைத் தனியே வாங்கலாமா, கையிலுள்ள செல்போனே போதுமா என்று விசாரிக்கத் தொடங்கியுள்ளனர்.

இக்கருவி செய்யும் வேலை எளிது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரக் குறிப்பைச் சைகையாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சைகை கிடைத்தால், அவை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. இதற்குச் செல்போன் கோபுரம் தேவையில்லை. கட்டணமும் கிடையாது. அமெரிக்க அரசு தொடக்கத்தில் பொதுமக்களுக்கான சைகையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பி வந்தது. அக்காலத்தில் கருவி நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. அதன் பிறகே இது வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் விவசாயத்திற்கும் பயன்படும் பொருளாயிற்று. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் உள்ளன. நம் நாட்டின் நாவிக் வரிசையில் முதல் கோள் 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஏவப்பட்டது. இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றின் சைகையைப் பெறும் கருவி, மரமும் மேடும் உள்ள இடங்களில் தடுமாறுவது குறைவு.

எனினும் திறந்த வெளியிலும் கையடக்கக் கருவியோ செல்போனோ 3 முதல் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டுவது இயல்பு. மரத்தடியிலும் சுவரோரத்திலும் இது இன்னும் கூடும். கருவியில் கோளாறு இல்லை. அதன் தன்மையே அப்படி. வாங்க நினைப்பவர் விலையைப் பார்க்குமுன் இந்த 5 மீட்டரை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எந்த வேலைக்கு இது உதவும், எதற்கு உதவாது என்பது முழுதும் அதைப் பொறுத்ததே.

தடமும் நேர்கோடும்

கடைகளில் மூவகைக் கருவிகள் கிடைக்கின்றன. கார்களில் பொருத்தும் சாலை வழிகாட்டி ஒன்று. இது காட்டு வேலைக்குப் பொருந்தாது. வண்டி எப்போதும் சாலையில்தான் இருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டது இது. டிராக்டர் புஞ்சைக்குள் முப்பது மீட்டர் தள்ளி நின்றாலும், பக்கத்துத் தார்ச் சாலை மீது நிற்பதாகவே படத்தில் ஒட்டவைத்துக் காட்டிவிடும். செல்போனில் உள்ள சாலை வழிகாட்டிச் செயலிகளும் இதையே செய்கின்றன. செயலி காட்டும் படத்தில் நம் ஊர் வண்டிப்பாதை இருப்பதும் அரிது. இருந்தாலும் அது ஓடையில் அறுத்துக்கொண்டு போனதா, வேலி போட்டு அடைக்கப்பட்டதா என்பது அதற்குத் தெரியாது.

மலையேறுவோரும் வனத்துறையினரும் கையில் வைத்திருக்கும் கையடக்கக் கருவி இரண்டாவது வகை. கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வரிசை இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். மூன்றாவது, ஏற்கெனவே சட்டைப் பையில் இருக்கும் செல்போன். அதில் சாலைச் செயலியை விட்டுவிட்டு, தடம் பதிவு செய்யும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் அதுவும் ஏறக்குறையக் கையடக்கக் கருவியாகிவிடும். கோபுரச் சைகை இல்லாத இடத்திலும் செல்போனின் ஜி.பி.எஸ். வேலை செய்யும். வரைபடம் மட்டும் வராது. அதை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கருவியானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வந்த தடத்தைப் பதிவு செய்து அதே தடத்தில் திருப்பி அழைத்துச் செல்லுமா என்பதே. 'அந்த இடத்திற்குப் போ' என்ற வசதி எல்லாக் கருவியிலும் உண்டு. ஆனால் அது காட்டுவது வெறும் நேர்கோடு. தார்ச் சாலை ஒன்றரைக் கிலோமீட்டர் வடகிழக்கே என்று அம்புக்குறி காட்டும். இடையில் ஓடை இருந்தாலும் கிணறு இருந்தாலும் அம்பு விலகாது. இரவில் அந்த அம்பை நம்பி அறுவடை இயந்திரத்தை ஓட்டுவது பேராபத்து. தடப்பதிவு அப்படியன்று. பகலில் நிலத்துக்காரர் வழிகாட்ட வந்த பாதை புள்ளி புள்ளியாகக் கருவியில் விழுகிறது. இரவில் ஓட்டுநர் அந்தக் கோட்டின் மேலேயே திரும்பி வரலாம். மறு ஆண்டும் அதே தடம் உதவும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. எத்தனை மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதை நாமே அமைத்துக்கொள்ளலாம். பேட்டரியை மிச்சம் பிடிக்க எண்ணி இதை 50 மீட்டர் என்று வைத்தால், கிணற்றைச் சுற்றி வளைந்து வந்த பாதையைக் கருவி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேராக இழுத்துவிடும். அந்த நேர்கோடு கிணற்றின் மேலேயே போகக்கூடும். 5 மீட்டருக்கு ஒரு புள்ளி, அல்லது 3 வினாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஒரு நாள் வேலைக்கு இன்றைய கருவிகளின் நினைவகம் தாராளமாகப் போதும்.

கிணறு, குழி, ஓடைச் சரிவு, தாழத் தொங்கும் மின்கம்பி ஆகியவற்றைப் பகலிலேயே அருகில் நின்று கருவியில் குறித்துக்கொள்ள வேண்டும். கருவி சேற்று நேரத்தில் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டினாலும் வண்டிப்பாதையில் பெரிய பிழை இல்லை. ஓட்டுநரின் கண்ணும் விளக்கும் அதைச் சரிசெய்துவிடும். கிணற்றோரத்தில் அதே ஐந்து மீட்டர் உயிருக்கு உலை வைக்கும். குறித்தபோது ஒரு பக்கமும் திரும்பும்போது மறு பக்கமும் பிழை விழுந்தால் பத்து மீட்டர் ஆகிவிடுகிறது. ஆகவே குறியிலிருந்து இருபது மீட்டராவது விலகிச் செல்வது என்று வைத்துக்கொள்ளுதல் வேண்டும். கிணற்றைச் சுற்றி நாலு கம்பு நட்டு வெள்ளைச் சாக்கு கட்டி வைப்பதைக் கருவி வாங்கிய பிறகும் நிறுத்தக் கூடாது.

ஏக்கர்க் கணக்கு

பலர் இக்கருவியை நாடுவதற்கு உண்மையான காரணம் பாதையன்று, வாடகை. விதைப்புக் கருவிக்கும், அண்மை ஆண்டுகளில் வந்துள்ள டிரோன் மருந்துத் தெளிப்புக்கும் ஏக்கர்க் கணக்கில் கூலி பேசப்படுகிறது. குறுக்கக் கணக்கோ ஊருக்கு ஊர் வேறுபடும். கருவியைக் கையில் பிடித்து வரப்பைச் சுற்றி நடந்தால் பரப்பளவு திரையில் வந்துவிடுகிறது. அதைக் காட்டிக் கூலி கேட்டால் மறுத்துப் பேச விவசாயிக்கு வழி தெரிவதில்லை.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் அகலமும் 101 மீட்டர் நீளமும் உள்ள துண்டு நிலம் 50 சென்ட். பாகப் பிரிவினையில் இப்படி நாடா போன்ற துண்டுகளே பெரும்பாலும் வருகின்றன. சுற்றி நடந்தவர் வரப்பின் வெளி விளிம்பில் நடந்து, கருவியின் பிழையும் சேர்ந்து நான்கு பக்கமும் ஒரே ஒரு மீட்டர் வெளியே விழுந்ததாக வைத்துக்கொள்வோம். அளவு 22-க்கு 103 ஆகிவிடும். பரப்பு 56 சென்ட். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அதிகம். அதே ஒரு மீட்டர்ப் பிழை ஐந்து ஏக்கர் சதுர நிலத்தில் விழுந்தால் கூடுவது 14 சென்ட் அளவே. நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. பெரிய நிலத்துக்காரருக்குப் பொருட்படுத்தத் தேவையில்லாத பிழை, சிறு விவசாயியின் மடியிலிருந்து பணத்தை எடுக்கிறது. பிழை உட்புறமாக விழுந்தால் இயந்திரக்காரருக்கு நட்டம்.

எனவே ஒரு ஏக்கருக்குக் குறைந்த நிலத்தில் கருவி காட்டும் அளவை வைத்துக் கூலி பேசுவது இரு தரப்புக்கும் நல்லதன்று. பட்டாவில் உள்ள பரப்பையே ஒப்புக்கொள்ளலாம். சாகுபடி செய்த பகுதி மட்டும் வேண்டுமென்றால் நூறடி நாடா போதும். கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும், வரப்பின் நடுவில் மெதுவாக நடந்து, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். மூலைகளில் கால் நிமிடம் நிற்க வேண்டும்.

எல்லைத் தகராறுக்கு இக்கருவி எந்த விதத்திலும் ஆகாது. கல் காணாமற்போன இடத்தில் செல்போனைப் பிடித்து 'இதுதான் என் எல்லை' என்று வேலி போட்டால், ஐந்து மீட்டர்ப் பிழை பக்கத்து வீட்டுக்காரரோடு பத்து ஆண்டு வழக்காக முடியும். 1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி எல்லை காட்ட வேண்டியவர் அரசு நில அளவரே. எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தின் நகலை எடுத்துக்கொண்டு இ-சேவை மையம் வழியாக அளந்து தர விண்ணப்பிக்கலாம். சென்டிமீட்டர் அளவில் துல்லியம் காட்டும் ஆர்.டி.கே. கருவிகள் உண்டு. அவை சிறு விவசாயி தனியே வாங்கக்கூடிய பொருள் அல்ல.

யார் வாங்கலாம்?

சொந்த நிலத்திற்கு மட்டும் டிராக்டர் ஓட்டுபவருக்குத் தனிக் கருவி வீண் செலவு. அவருக்குப் பாதை மனப்பாடம். செல்போன் போதும். பல ஊர்களுக்கு வாடகைக்கு ஓட்டுபவர், இரவு வேலை அதிகம் உள்ளவர், அறுவடை இயந்திரம் வைத்துள்ள உழவர் குழு ஆகியோர் வாங்கலாம். நல்ல கையடக்கக் கருவி பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பது அரிது. குழுவுக்கு ஒன்று என்று வாங்கினால் சுமை தெரியாது.

கையடக்கக் கருவியின் சிறப்பு அதன் முரட்டுத்தனமே. திரை நடு வெயிலிலும் தெரியும். செல்போன் திரையோ வெயிலில் மங்கிவிடும், சூடேறினால் சில வேளை அணைந்தும் போகும். தொடுதிரையை விடப் பொத்தான் வைத்தது மேல். கரிசல் மண் அப்பிய விரலுக்குத் தொடுதிரை பணியாது. ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறி இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பழுதாகாது என்று பொருள். பேனா டார்ச் செல் இரண்டில் ஓடும் கருவியாக இருந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் செல் வாங்கிப் போட்டு வேலையைத் தொடரலாம். அல்கலைன் செல்லே நீடித்து வரும். விலை மலிவான சாதாரணச் செல் விரைவில் தீர்ந்துவிடும். வண்ணப்படம், பாட்டு, கேமரா போன்றவற்றிற்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

வாங்குமுன் தெரிந்தவரிடம் இரவல் பெற்றோ கடைக்காரரிடம் கேட்டோ மூன்று நாள் சோதித்துப் பார்க்கலாம். சொந்த நிலத்தின் ஒரு சர்வே கல் மீது கருவியை வைத்துக் காலை, நண்பகல், மாலை என ஒவ்வொரு நாளும் மூன்று முறை குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது குறிகளும் ஐந்து மீட்டர் வட்டத்திற்குள் விழுந்தால் கருவி நல்லது. பத்து மீட்டருக்கு மேல் சிதறினால் வேண்டாம்.

இடக்குறிப்பை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும்போது பெருந்தவறு நேர்கிறது. 9 பாகை 30 கலை என்பது தசமத்தில் 9.50. இதை 9.30 என்று பதிந்தால் இயந்திரம் 22 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்கும். எல்லாரும் தசமப் பாகை முறையையே வைத்துக்கொண்டு, புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்களையும் சொல்லுதல் வேண்டும். ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டரைக் குறிக்கிறது. நான்கோடு நிறுத்தினால் 11 மீட்டர் வரை தளர்ச்சி வந்துவிடும். நில அமைப்பு என்று கேட்கும் இடத்தில் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்பதை மாற்றாமல் விட வேண்டும்.

இவ்வட்டாரத்திற்கென்று ஓர் எச்சரிக்கை. பழைய தடப்பதிவில் பாதையாகத் தெரியும் இடம் இன்று பட்டாசு ஆலையின் வேலிக்குள் இருக்கலாம். கருவி காட்டுகிறதே என்று குறுக்கே புகக் கூடாது. டிராக்டரின் புகைக்குழாய்ப் பொறி ஒன்றே போதும். ஆலை வளாகத்துக்குள் செல்போன் எடுத்துச் செல்லக் கூடாது என்று வாயிலில் எழுதி வைத்திருப்பார்கள். பேட்டரியில் ஓடும் இக்கருவிக்கும் அதையே விதியாகக் கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கருவி வாங்கி வருவதாகச் சொன்னால் வகையைக் கேட்டுக்கொள்வது அவசியம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் வல்ல கருவிகள் அங்கே சாதாரணமாக விற்கின்றன. அவற்றை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டு வருவதும் வைத்திருப்பதும் குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட நேரும். இடத்தை மட்டும் காட்டும் சாதாரண ஜி.பி.எஸ். கருவிக்கு இத்தடை இல்லை.

வாங்கிய கருவியை டிராக்டரின் தகரக் கூரைக்கு நேர் கீழே மாட்டினால் சைகை தடைப்படும். வானம் தெரியும்படி முன் விளிம்பில் ரப்பர் வைத்துப் பொருத்த வேண்டும். பல நாள் அணைத்து வைத்திருந்த கருவி கோள்களைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் ஆகும். அதுவரை வண்டியை நகர்த்தாமல் இருப்பது நல்லது. அறுவடை முடிந்ததும் தடப்பதிவுகளை ஊர்ப் பெயரும் ஆண்டும் போட்டுச் சேமித்துவிட்டு, செல்களைக் கழற்றி வைக்க வேண்டும். உள்ளேயே விட்டால் அடுத்த பருவத்திற்குள் செல் கசிந்து கருவியை அரித்துவிடும்.