படத்தில் அடங்காத பூச்சி

பூச்சி ஒன்றைக் கைப்பேசியில் படம்பிடித்து, ‘இஃது எந்தப் பூச்சி?’ என்று வினவுவது இன்று எளிதாகிவிட்டது. விடை கூறுவது அத்துணை எளிதன்று. பூச்சியியலார் காலில் உள்ள முள், உணர்கொம்பின் கணுக்கள், சிறகு நரம்புகளின் கிளைப்பு ஆகியவற்றை உருப்பெருக்கியின்கீழ்த் திருப்பித் திருப்பிப் பார்த்தே இனத்தை உறுதிசெய்கின்றனர். ஒளிப்படமோ ஒரு பக்கத்தை, ஒரு நொடியில், ஓர் ஒளியில் மட்டுமே காட்டுகிறது.

ரோஜா அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு, ஆடுதின்னாப்பாளை போன்ற செடிகளை உண்டு அவற்றின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஆதலால் பறவைகள் அதனை உண்ணத் தயங்குகின்றன. நஞ்சற்ற கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சிகளுள் ஒருவகை, சிறகின் நிறத்தால் ரோஜா அழகியைப் போன்றே தோன்றித் தப்பிக்கிறது. முன்னதன் தலையும் வயிற்றின் பக்கங்களும் சிவப்பு. பின்னதன் உடல் கறுப்பு. நேரில் காண்போர்க்கு இவ்வேறுபாடு போதும். எதிரொளியில் எடுத்த படத்திலோ சிவப்பும் கறுப்பாகவே தெரியும். பறவையை ஏமாற்றத் தோன்றிய வேடம் நம்மையும் ஏமாற்றுவதில் வியப்பில்லை!

வண்ணத்துப்பூச்சியின் பெயரில் பிழை நேர்ந்தால் எவர்க்கும் இழப்பில்லை. மக்காச்சோள வயலில் நிலைமை வேறு. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு, 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டது; விரைவில் தமிழக வயல்களையும் அடைந்தது. அதன் தலையில் தலைகீழான ‘ஒய்’ வடிவ வெளிர்கோடு உண்டு. வால்பகுதிக்கு முந்தைய கண்டத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இவ்விரண்டும் தெளிவாகத் தெரிந்தால் ஐயமில்லை. ஆனால், குருத்துக்குள் தலையைப் புதைத்திருக்கும் புழுவின் முதுகே பெரும்பாலான படங்களில் பதிவாகிறது. முட்டையிலிருந்து அண்மையில் வெளிவந்த புழுக்களிலோ இவ்வடையாளங்கள் தெளிவாக இரா. மருந்தால் கட்டுப்படுத்துவதற்கு ஏற்றதும் அந்த இளம்பருவமே என்பதுதான் இடர்ப்பாடு.

இலையில் காணும் துளைகளைக் கொண்டும் முடிவுசெய்ய இயலாது. தண்டுதுளைப்பானின் இளம்புழுக்களும் குருத்திலையைத் துளைக்கின்றன. அவை தண்டுக்குள் புகுந்தபின் மேலே தெளிக்கும் மருந்து அவற்றை எட்டுவதில்லை. பெயர் பிழைபட்டால் மருந்தும் பொருளும் வீணாகும். தீங்கற்ற பூச்சிகளும் மடியும்.

ஆகவே, படமெடுப்போர் தலை, பக்கவாட்டு, வால்பகுதி என மூன்று கோணங்களிலேனும் எடுத்தல் நலம். அருகில் ஓர் அளவுகோலை வைத்தால் பருமன் விளங்கும். பூச்சி இருந்த செடியின் படமும் வேண்டும். பல வேளைகளில் பூச்சியைவிடச் செடியே கூடுதலாகச் சொல்லும். இவ்வளவும் இருந்தும், ‘இன்ன பேரினத்தைச் சேர்ந்தது’ என்பதோடு வல்லுநர் நிறுத்திக்கொள்வதுண்டு. அதனை அறியாமை எனக் கருதலாகாது. மிக நெருங்கிய அந்துப்பூச்சி இனங்கள் சிலவற்றை இனப்பெருக்க உறுப்புகளை ஆராய்ந்தோ மரபணுச் சோதனையாலோதான் பிரித்தறிய முடியும்.

ஐயம் தீராதபோது, புழுவை அதன் உணவிலையுடன் காற்றோட்டமுள்ள கலத்தில் வளர்த்துப் பார்ப்பது பழைய முறை. அந்துப்பூச்சியை எதிர்நோக்கியிருக்கையில், சில கலங்களிலிருந்து சிறு குளவிகள் வெளிவருவதும் உண்டு. அவை அப்புழுவின் உடலுக்குள் ஒட்டுண்ணிகளாக வளர்ந்தவை. படமெடுத்த நாளிலேயே உள்ளே இருந்திருக்கக் கூடியவை.