திரை செத்தால் போன் செத்ததாகாது



சென்ற மாதம் ஒரு நாள் மாலை, கிள்ளான் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அக்காள் நம்மைத் தேடி வந்தார். உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை. கையில் துணியில் சுற்றிய கைப்பேசி. "தம்பி, வெளிச்சம் வருது, மணி அடிக்குது. ஆனா தொட்டா அசைய மாட்டேங்குது. எல்லாம் போச்சு" என்றார்.

எல்லாம் என்று அவர் சொன்னதில் அர்த்தம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்கு வரச் சொல்லி மண்டோர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் அதற்குள்தான் இருந்தன. நாட்கூலிக்காரர் ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் உழைத்தால் அன்றைக்கு இரண்டு நாள் கூலி என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். இவருக்குக் கிடைத்ததோ ஒரு நாள் கூலி. தொழிலாளர் இலாகாவில் மனுக் கொடுக்க நாம் தயார் செய்துகொண்டிருந்தோம். வாய்ச் சாட்சி சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுகிறார். மிஞ்சிய சாட்சி அந்தப் போன்தான்.

பட்டணத்தில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரீசெட் அடிச்சுப் பார்க்கலாம். இல்லேன்னா ஸ்கிரீன் மாத்தணும், 280 வெள்ளி" என்றாராம். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி ஆன பிறகும், 280 வெள்ளி என்பது நான்கு நாளுக்கு மேற்பட்ட கூலி. பணம் இல்லாததால் அக்காள் போனைத் திருப்பி வாங்கி வந்துவிட்டார். நல்ல வேளை! ரீசெட் அடித்திருந்தால் போன் பிழைத்திருக்கலாம், செய்திகள் போயிருக்கும். நகல் எடுத்து வைக்காத வாட்ஸ்அப் செய்தி, போனை விட்டு அழிந்தால் எந்தக் கம்பெனியிடம் கேட்டும் திரும்பி வராது.

இங்கே இரண்டு வார்த்தையை நம் மக்கள் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ரீஸ்டார்ட் என்றால் போனை அணைத்து மறுபடி எழுப்புவது. உள்ளே இருப்பது ஒன்றும் அழியாது. ஃபேக்டரி ரீசெட் என்றால் வீட்டைக் கழுவி விட்ட மாதிரி, படம், செய்தி, தொலைபேசி எண் அத்தனையும் துடைத்துவிடுவது. இரண்டையும் ஒன்றாக எண்ணி "சரி, அடிங்க" என்று தலையாட்டியவர்கள் எத்தனை பேர்!

முதலில் நாம் செய்ததும் ரீஸ்டார்ட்தான். அக்காளுடைய ஆண்ட்ராய்டு போனில் பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கிற பொத்தானையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் அழுத்தினோம். சில போன்களில் பவர் பொத்தான் மட்டும் போதும். ஐபோன் 8க்குப் பிறகு வந்தவற்றில் முறை வேறு: ஒலி கூட்டும் பொத்தானை ஒரு தட்டு, குறைக்கும் பொத்தானை ஒரு தட்டு, பிறகு பக்கப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். திரை உறைந்துபோய்க் கிடக்கும் போன்கள் பல இதிலேயே எழுந்துவிடும். அப்படி அழுத்தும்போது கறுப்புத் திரையில் ஏதோ பட்டியல் வந்தால், "வைப் டேட்டா" என்ற வரியை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

அக்காள் போன் எழுந்தது. ஆனால் தொட்டால் அசையவில்லை.

தொடுதிரை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த நமக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா? கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. அவற்றில் துளி மின்சாரம் இருக்கும். நம் உடம்பும் மின்சாரம் கடத்தும். விரல் பட்ட இடத்தில் அந்த மின்சாரம் சற்று மாறும். எந்த இடம் என்று போன் கணக்குப் பார்த்துக்கொள்ளும். 1965இலேயே இங்கிலாந்தில் ஜான்சன் என்ற பொறியாளர் இந்த யோசனையை எழுதி வெளியிட்டார். அது நம் சட்டைப் பைக்கு வந்து சேர 2007க்குப் பிறகுதான் வழி பிறந்தது.

ஆகவே பலமாக அழுத்துவதால் பயனே இல்லை. பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும், கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படுமே தவிரப் பால் கூடாது. ரப்பர் கையுறை போட்டுத் தொட்டால் மின்சாரம் கடத்தாது. மழையில் நனைந்த திரையில் தண்ணீரும் விரல் மாதிரியே நடிக்கும். தானாகவே எங்கெங்கோ திறக்கும். வியர்வைக் கையும் அப்படித்தான். போனை அணைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட வைத்துவிட்டுப் பிறகு பாருங்கள். அரிசிக்குள் புதைக்கிற பழக்கம் வேண்டாம். தூள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பெனியே சொல்லியிருக்கிறது. மேலே ஒட்டிய கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ மிகத் தடிப்பாக இருந்தாலோ கழற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டும் திரை பேய் பிடித்தாற்போல் ஆடினால் குற்றம் பெரும்பாலும் மலிவுச் சார்ஜரில்தான். பத்து வெள்ளிச் சாமானை விட்டுச் சிரிம் முத்திரை உள்ளதாக வாங்குங்கள்.

பேட்டரி உப்பித் திரையைத் தூக்கியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் செய்யக் கூடாது. அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள். தீப்பிடிக்கும். நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அக்காள் போனைத் துடைத்தோம், கண்ணாடியைக் கழற்றினோம். பலனில்லை. "கையால அழுத்தி அழுத்தி நான்தான் கெடுத்துட்டேன் போல" என்று அவர் வருந்தினார். பழியை உடனே தன் தலையில் போட்டுக்கொள்வது நம் ஜனங்களின் பழக்கம். கம்பெனியே தவறு செய்வதும் உண்டு. ஐபோன் எக்ஸ் ரகத்தில் சில போன்கள் தொட்டால் அசையவில்லை என்று 2018 நவம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு இலவசமாகப் பழுது பார்த்தது. 2019 நவம்பரிலிருந்து 2020 மே வரை செய்த ஐபோன் 11 சிலவற்றுக்கும் அப்படியே நடந்தது. ஆயிரக்கணக்கில் விலை வைத்த போனுக்கே அந்தக் கதி!

அடுத்த வாரம் சங்க வேலையாகக் கோலாலம்பூர் போனோம். கிள்ளானில் கொமுட்டர் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்தில்தானே. துன் சம்பந்தன் சாலைப் பக்கம் போன் பழுது பார்க்கும் ஒரு பையன் இருக்கிறான். தோட்டத்தில் பிறந்த பிள்ளை. விஷயத்தைச் சொன்னதும், "அண்ணே, படம் தெரியுதில்ல? அப்ப மவுஸ் போட்டுப் பாருங்க" என்றான். கணினி மவுஸைப் போனில் செருகச் சின்ன இணைப்பு ஒன்று உண்டு, ஓடிஜி என்பார்கள். சில வெள்ளிதான். சில ரகப் போன்களில் ஓடிஜியை முன்கூட்டியே செட்டிங்கில் திறந்து வைத்திருந்தால்தான் வேலை செய்யுமாம். அதையும் சொல்லி அனுப்பினான்.

சங்க அலுவலகத்தில் அக்காளை உட்கார வைத்து, முதலில் போனுக்கு முழுக்கச் சார்ஜ் ஏற்றினோம். மவுஸ் செருகினால் சார்ஜ் போட இடம் இருக்காது. செருகியதும் திரையில் சின்னதாக ஓர் அம்புக்குறி வந்து நின்றது. அக்காள் தன் கையாலேயே ரகசிய எண்ணைப் போட்டார். வாட்ஸ்அப் திறந்தது. "நாளைக்கு எல்லாரும் வரணும்" என்று சனிக்கிழமை இரவுகளில் வந்த செய்திகள் தேதி வாரியாக அப்படியே இருந்தன. எக்ஸ்போர்ட் செய்து சங்க மின்னஞ்சலுக்கு அனுப்பினோம். படங்களையும் எடுத்துக்கொண்டோம்.

பிறகுதான் திரை மாற்றக் கொடுத்தோம். கொடுக்குமுன் சிம் கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டோம். ரகசிய எண்ணைக் கடையில் சொல்லவில்லை. 2022இல் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணைக் கைவிடச் சொல்லி வங்கிகளுக்கு அறிவித்தது முதல், பணம் அனுப்பச் சம்மதம் சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் பதிவு செய்த அந்த ஒரே போனுக்குள் வந்துவிட்டது. அதைத் திறந்தபடி ஒருவர் கையில் கொடுப்பது சம்பளக் கவரைப் பிரித்துக் கொடுப்பதற்குச் சமம். திரை செத்துக் கிடக்கும் நாளில் கைச்செலவுக்குப் பணம் வேண்டுமானால் வங்கிக்கு அடையாளக் கார்டோடு போகலாம்.

என்ன பழுது, என்ன சாமான், எவ்வளவு கூலி என்று எழுதிய ரசீது கேளுங்கள். கழற்றிய பழைய திரையையும் கேளுங்கள். சரியாகச் செய்யாத பழுதுக்கு 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பரிகாரம் இருக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம், 50,000 வெள்ளிவரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ரசீது இல்லாமல் போனால்தான் தகராறு.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன் 150 வெள்ளிக்குத் திரை மாற்றிக் கொடுத்தான். அக்காள் இரண்டு தவணையாகக் கட்டுகிறார். மனு தொழிலாளர் இலாகாவில் கொடுத்தாகிவிட்டது. விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம். அன்றைக்கு அந்தப் போனையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.