சூரிய மின்சாரமும் நியாயமான பங்கும்

சென்ற மாதம் ஒரு கிராமத்தின் வேளாண்மைக் கடன் சங்கத்தில் பொதுக்குழுக் கூட்டம் நடைபெற்றது. கணக்கு வாசித்து முடிந்ததும் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "சூரிய மின்சாரம் எடுப்பதற்காக என் நிலத்தை இருபத்தைந்து ஆண்டுக் குத்தகைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?" என்று வினவினார். நான் விடை கூறுமுன், பின்வரிசையில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர், "நிலம் உள்ளவருக்குக் குத்தகை வரும். தறியில் வேலையில்லாத நாளில் அந்த நிலத்துக்குக் களையெடுக்கப் போகும் என் வீட்டுப் பெண்களுக்கு என்ன வரும்?" என்று கேட்டார். அன்று நான் கூறிய விடை அரைகுறையானது. அதனை இக்கட்டுரையில் நிறைவு செய்ய முயல்கிறேன்.

நிலக்கரி மின்சாரத்தில் நன்மை ஓரிடத்திற்கும் தீமை வேறோரிடத்திற்குமாகப் பிரிந்து சென்றது. வடசென்னையில் உற்பத்தியான மின்சாரம் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் ஒளி தந்தது. சாம்பலோ எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, அங்கு மீனும் இறாலும் பிடித்து வாழ்ந்த குடும்பங்களின் பிழைப்பைக் கெடுத்தது. சூரிய ஒளியில் எடுக்கும் மின்சாரத்துக்குப் புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. ஆகவே இதற்கு மாறுவது நன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், புகை நீங்கியதனாலேயே அநீதியும் நீங்கிவிடும் என்று எண்ணுதல் தவறு. மின்சாரத்தின் வருவாய் யாரைச் சேர்கிறது, அதன் சுமையை யார் தாங்குகின்றனர் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

முதலில் குத்தகை முறையைக் காண்போம். கருநாடகத்தின் துமகூரு மாவட்டத்திலுள்ள பாவகடா, அடிக்கடி வறட்சிக்கு இலக்காகும் வட்டம். அங்கு ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கர் நிலம் குத்தகைக்குப் பெறப்பட்டு, 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா அமைக்கப்பட்டது. அது 2018-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை. இரண்டாண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு ஐந்து வீதம் உயர்வு. காலம் 28 ஆண்டுகள். ஐந்து ஏக்கர் உடையவருக்குத் தொடக்கத்திலேயே ஆண்டுக்கு 1,05,000 ரூபாய் கிடைக்கும். மழையை நம்பி நிலக்கடலை விதைத்து நட்டப்பட்டவருக்கு இது பெரிய ஆறுதலே. நிலத்தை விற்காமல் உரிமையைக் காத்துக்கொண்டதும் பாராட்டத்தக்கது.

ஆனால் அந்நிலங்களில் கூலி வேலை செய்து வந்த நிலமற்றவர்க்குக் குத்தகையில் பங்கில்லை. உழவு நின்றதும் அவர்களது வேலையும் நின்றது. தகடுகளைக் கழுவுதல், புல் வெட்டுதல், காவல் ஆகிய வேலைகள் சிலருக்கே கிடைத்தன. ஆடு மேய்த்தவர்கள் மேய்ச்சல் தரையை இழந்தனர். முதிய நெசவாளர் கேட்ட கேள்வி வெறும் அச்சமன்று என்பது இதனால் விளங்கும்.

நிலம் உடையவர்க்கும் இதில் ஒரு குறை உண்டு. பிறர் தந்த பாவையும் ஊடையையும் வாங்கிக் கூலிக்கு நெய்பவரின் நிலையை நெசவாளர்கள் நன்கு அறிவர். சேலை எந்த விலைக்குப் போனாலும் அவருக்குக் கூலி மட்டுமே. குத்தகை வாங்கும் விவசாயியும் அவ்வாறே. மின்சாரம் எவ்வளவு விளைந்தாலும் அவருக்குக் குறித்த தொகைதான். நட்டத்தில் பங்கில்லை என்பது உண்மை, இலாபத்திலும் பங்கில்லை.

நிற்க. குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள துண்டி என்னும் சிற்றூரில் வேறொரு வழி காணப்பட்டது. 1946-இல் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் தோன்றி, பின்னர் அமுல் எனப் புகழ்பெற்றதும் அம்மாவட்டத்திலேதான். துண்டியில் டீசல் பம்பு வைத்துப் பாசனம் செய்துவந்த ஆறு விவசாயிகள் 2016-இல் சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் இதற்குத் துணை நின்றது.

அங்கத்தினர் ஒவ்வொருவர் வயலிலும் சூரியத் தகடுகள் உள்ளன. பயிருக்கு நீர் வேண்டும்போது அம்மின்சாரத்தில் பம்பு ஓடும். வேண்டாதபோது மின்சாரம் பொதுக் கம்பிக்குச் செல்லும். மின் விநியோக நிறுவனம் சங்கத்தின் ஒரே மீட்டரைப் பார்த்து, யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் சங்கத்துக்குப் பணம் தரும் என்பது 25 ஆண்டு ஒப்பந்தம். சங்கம் ஒவ்வொருவரது மீட்டரையும் பார்த்துப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும். பால் சங்கத்தில் அளந்து ஊற்றி, அளவுக்கேற்பப் பணம் பெறுவதைப் போன்றதே இது. தனி ஒருவரின் சில யூனிட்டுகளுக்காக மின் நிறுவனம் கணக்கு வைத்து அலைய விரும்பாது. பலர் சேர்ந்து சங்கமானதாலேயே இது கைகூடிற்று.

இதில் நிலத்தடி நீருக்கும் நன்மை உண்டு. சூரிய பம்புக்கு எரிபொருள் செலவில்லை. ஆதலால் பகல் முழுவதும் நீரை இறைக்கத் தோன்றும். மிச்சமான மின்சாரத்துக்கு விலை கிடைத்தாலோ, தேவைக்குமேல் இறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம் என்பதை விவசாயியே உணர்வார்.

துண்டியையும் அப்படியே பின்பற்ற இயலாது. தொடக்கச் செலவின் பெரும்பகுதியை அந்த நிறுவனமே ஏற்றது. எல்லா ஊர்களுக்கும் அத்தகைய உதவி கிடைக்காது. மேலும் அங்கத்தினர் அனைவரும் நிலமும் கிணறும் உடையவர்கள். நிலமற்றவரைச் சேர்ப்பதற்கு நாமே விதி வகுக்க வேண்டும். 2019-இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டம், 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சூரிய மின் நிலையங்களை அமைக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் இடமளித்தது. இத்தகைய நிலையத்தைச் சங்கமே அமைக்குமாயின், சிறு பங்குத்தொகையைத் தவணையில் பெற்றுக்கொண்டு நெசவாளரையும் கூலியாளரையும் பங்குதாரராக்கலாம். பங்கு எத்தனையானாலும் ஒருவருக்கு ஒரு வாக்கே என்பது நமது அடிப்படை விதியன்றோ?

சங்கம் அமைக்க இயலாமல் குத்தகையே கொடுக்க நேர்ந்தால், கையொப்பமிடுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிதல் வேண்டும்:

1. குத்தகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எவ்வளவு உயரும்? தொகை தவறினால் நிலம் எப்போது திரும்பும்?

2. நிலத்தை ஈடு காட்டி நிறுவனம் கடன் பெற முடியுமா? நிறுவனம் கைமாறினால் ஒப்பந்தம் என்னாகும்?

3. தகடு கழுவும் நீர் எக்கிணற்றிலிருந்து எடுக்கப்படும்?

4. காலம் முடிந்தபின் தகடுகளையும் கான்கிரீட் அடித்தளத்தையும் அகற்றும் செலவு யாருடையது?

5. வேலை இழப்போருக்கு முதலில் வேலை தரப்படுமா? ஆடுமாடு செல்லும் பாதையும் மேய்ச்சல் தரையும் காக்கப்படுமா?

ஐந்தாவது கேள்வியை நிலம் உடையவர் கேட்பது அரிது. அதனை ஊர்தான் கேட்க வேண்டும். தனித்தனியே கையொப்பமிட்டபின் கேட்டால் பயனில்லை. ஆகவே குத்தகை கேட்கப்பட்ட அங்கத்தினரிடம், ஒப்பந்தத்தின் நகலை அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவருமாறு எழுதியிருக்கிறேன். அதனைத் தமிழில் வரிவரியாக வாசிப்போம். அன்று முதிய நெசவாளரும் தவறாமல் வரவேண்டும்.