அணி கீழே போனது... ரசிகர்கள் போகவில்லை! சண்டர்லேண்டின் 8 ஆண்டு காத்திருப்பு

ஐ.பி.எல்-லில் கடைசி இடம் பிடித்தால் என்ன ஆகும்? நாலு மீம்ஸ் வரும், ரெண்டு நாள் வருத்தமாக இருக்கும். அடுத்த வருடம் அதே அணி அதே தொடரில் மறுபடி ஆடும். இங்கிலாந்து கால்பந்தில் அப்படிக் கிடையாது. பிரீமியர் லீகில் கடைசி 3 இடங்களில் வரும் அணிகள் அடுத்த சீசனில் இரண்டாம் டிவிஷனில்தான் ஆட வேண்டும். அங்கும் சொதப்பினால் மூன்றாவது டிவிஷன். டி.வி பணம் குறையும், நல்ல வீரர்கள் கிளம்பிவிடுவார்கள்.

இந்தப் படிக்கட்டில் இரண்டே வருடத்தில் மேலிருந்து உருண்டு விழுந்த அணிதான் சண்டர்லேண்ட். ஆனால், அந்த அணியின் கதையில் ஆச்சர்யமே, விழுந்த பிறகும் மைதானத்துக்கு வந்த கூட்டம்தான்!

சுரங்கத்தின் மேல் ஒரு மைதானம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், வியர் நதி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது சண்டர்லேண்ட் நகரம். ஒரு காலத்தில் கப்பல் கட்டுவதற்கும் நிலக்கரிக்கும் பேர்போன ஊர். 1988-ல் கப்பல் கட்டும் தளங்கள் மூடப்பட்டன. 1993-ல் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. அப்பாவும் தாத்தாவும் பார்த்த வேலை, மகனுக்கு இல்லாமல் போனது.

மூடப்பட்ட அதே சுரங்கம் இருந்த இடத்தில்தான் 1997-ல் அணியின் புது மைதானம் எழுந்தது. பெயர், 'ஸ்டேடியம் ஆஃப் லைட்'. சுரங்கத் தொழிலாளர்கள் கையில் எடுத்துச் சென்ற விளக்கின் பெரிய உருவம் ஒன்று இன்றும் மைதான வாசலில் நிற்கிறது. ஊரில் பழைய வேலைகள் எல்லாம் போன பிறகு மிச்சமிருந்தது இந்த அணி மட்டும்தான். 'இவ்வளவு தோற்கிற அணியை ஏன் விடவில்லை?' என்ற கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது.

அடி மேல் அடி

6 முறை லீக் சாம்பியன் ஆன அணிதான் இது. ஆனால், கடைசியாக ஆனது 1936-ல்! 1973-ல் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே பலம் வாய்ந்த லீட்ஸ் அணியை வீழ்த்தி எஃப்.ஏ கோப்பையை வென்றது. அதன் பிறகு பெரிய கோப்பை எதுவும் இல்லை.

2017-ல் பிரீமியர் லீகிலிருந்து வெளியேறியது. அதே கோடையில் இன்னொரு சோகம். அணியின் செல்லப்பிள்ளையாக இருந்த பிராட்லி லோவரி என்ற சிறுவன், புற்றுநோயால் 6 வயதில் இறந்துபோனான். நட்சத்திர வீரர் ஜெர்மைன் டெஃபோவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் மைதானத்துக்குள் நடந்து வந்த காட்சியை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த சீசனில் அணி மீண்டுவிடும், அதைப் படமாக்கலாம் என்று ஒரு ஆவணப்படக் குழு வந்து இறங்கியது. ஆனால் கேமராவில் பதிவானது இன்னொரு வீழ்ச்சி. சொந்த மைதானத்தில் ஒரு லீக் போட்டியை ஜெயிக்கவே கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த சீசனில் ரசிகர்கள் கோபப்பட்டார்கள், கூச்சலிட்டார்கள், சிலர் வராமலும் இருந்தார்கள். 2018-ல் மூன்றாவது டிவிஷன். நெட்ஃப்ளிக்ஸில் வெளியான அந்தத் தொடரின் பெயர், 'சண்டர்லேண்ட் டில் ஐ டை'. 'சாகும்வரை சண்டர்லேண்ட்' என்று அர்த்தம்.

நாற்காலியை மாற்றிய ரசிகர்கள்

அணி அதலபாதாளத்தில் இருந்த 2018 கோடையில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. மைதானத்தின் சிவப்பு நாற்காலிகள் வெயிலில் வெளுத்து, ரோஸ் நிறத்துக்கு மாறியிருந்தன. அவற்றைக் கழற்றிப் புதிதாக மாட்ட ரசிகர்களே திரண்டு வந்தார்கள். கூலி கிடையாது. நம் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு முன்னால் தெருக்காரர்கள் சேர்ந்து வெள்ளை அடிப்பார்களே, அப்படித்தான்!

அந்த டிசம்பரில் பிராட்ஃபோர்டுக்கு எதிரான மூன்றாம் டிவிஷன் போட்டியைப் பார்க்க வந்தவர்கள் 46,039 பேர். சீசனின் சராசரியே 30 ஆயிரத்தைத் தாண்டியது. அதே நேரத்தில் பிரீமியர் லீகில் ஆடிய போர்ன்மவுத்தின் மைதானத்தில் மொத்தமே 11 ஆயிரம் பேர்தான் உட்கார முடியும்.

2019-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இரண்டு இறுதிப்போட்டிகள். முதலாவது, கீழ் டிவிஷன் அணிகளுக்கான இ.எஃப்.எல் டிராபி. 85,021 பேர் பார்க்க, போர்ட்ஸ்மவுத்திடம் பெனால்டியில் தோல்வி. இரண்டாவது, மேல் டிவிஷனுக்குப் போவதற்கான ஆட்டம். சார்ல்டனிடம் கடைசி நிமிட கோலில் தோல்வி.

2021-ல் ஒருவழியாக அதே இ.எஃப்.எல் டிராபியை வென்றது. ஆனால், அது கொரோனா காலம். இத்தனை வருடம் ஊர் ஊராகப் பின்தொடர்ந்த ரசிகர்களில் ஒருவர்கூட வெம்ப்ளியில் இல்லை. வீட்டு டி.வி முன்னால்தான் கொண்டாட்டம்!

95-வது நிமிடம்

2022-ல் விக்கம்பை வென்று இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. விலை உயர்ந்த நட்சத்திரங்களைத் தேடாமல், இளம் வீரர்களை நம்பத் தொடங்கியது நிர்வாகம்.

2025 மே 24. மறுபடி வெம்ப்ளி. எதிரே, லீக் பட்டியலில் 14 புள்ளிகள் அதிகம் எடுத்திருந்த ஷெஃபீல்டு யுனைடெட். ஜெயித்தால் பிரீமியர் லீக். முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கியது சண்டர்லேண்ட். 76-வது நிமிடத்தில் எலியேசர் மயெண்டா சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் 5-வது நிமிடத்தில் டாம் வாட்சன் அடித்த பந்து வலைக்குள் போனது. 2-1!

வாட்சனுக்கு அப்போது 19 வயது. சண்டர்லேண்டின் அகாடமியிலேயே வளர்ந்தவர். பிரைட்டன் அணிக்குப் போவதாக அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. இந்த அணிக்காக அவர் ஆடிய கடைசிப் போட்டி அது. கடைசியாகத் தொட்ட பந்துகளில் ஒன்று, 8 வருடக் காத்திருப்பை முடித்துவைத்தது.

வீரர்கள் வருவார்கள், போவார்கள். பயிற்சியாளர்களும் முதலாளிகளும் மாறுவார்கள். இந்த 8 வருடங்களில் சண்டர்லேண்டில் அவர்கள் எல்லோருமே மாறிவிட்டார்கள். மாறாமல் இருந்தது, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையும், அதைப் பிள்ளைகளுக்கு மாட்டி மைதானத்துக்குக் கூட்டிவந்த குடும்பங்களும்தான். நாளைக்கு அணி மறுபடி கீழே போகலாம். அப்போதும் அந்த நாற்காலிகள் காலியாக இருக்காது!