மலை உச்சிக்கு மேல் எங்கே போவது?

சேலத்தில் வெயில் கொளுத்துகிறது. பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. இறங்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் வீசுகிறது.

இரண்டு ஊருக்கும் நடுவே ரோடு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் உயரத்தில் ஏறத்தாழ 4,000 அடி வித்தியாசம். மலையில் 500 அடி ஏறினால் சுமார் ஒரு டிகிரி வெப்பம் குறையும். ஆகவே சேலத்தைவிட ஏற்காட்டில் எட்டு டிகிரி குளிர்ச்சி!

வெயில் தாங்காத மனிதன் பஸ் ஏறிவிடுகிறான். மரம் என்ன செய்யும்?

பெயரிலேயே மலை!

சேர்வராயன் மலையில் ஒரு சிறு மரம் உண்டு. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. "சூரியகாந்தி செடிதானே, மரமா?" என்று கேட்கலாம். ஆம், மரமேதான்! சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய காம்பிள் என்ற ஆங்கிலேயர், இதற்கு 'வெர்னோனியா ஷெவராயென்சிஸ்' என்று பெயர் சூட்டினார். சேர்வராயன் மலைக்கு உரியது என்று அர்த்தம். இன்று இது அழியும் ஆபத்தில் உள்ள அபூர்வ மரம்.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட, உலகின் சராசரி வெப்பம் இப்போது ஒரு டிகிரிக்கு மேல் கூடிவிட்டது. சூடு ஏறினால் தாவர இனம் பிழைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மேலே ஏறுவது. மரம் நடக்காது, ஆனால் விதை நடக்கும். காற்றும் பறவையும் விதையைச் சுமந்து செல்கின்றன. குளிர்ந்த மேட்டில் விழுந்த விதை பிழைக்கிறது. இப்படித் தலைமுறை தலைமுறையாக இனமே மேலே நகர்கிறது.

ஒரு டிகிரிச் சூட்டிலிருந்து தப்ப 500 அடி ஏற வேண்டும். ஏற்காடு ஊரோ சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் உள்ள உச்சி 5,326 அடி. மிச்சம் இருப்பது முந்நூற்றுச் சில்லறை அடி. அதற்கு மேல் வானம்தான்! அடுத்த மலைக்குப் போகலாம் என்றால், நடுவே கிடப்பது வெயில் காயும் சமவெளி.

கடுகு கற்றுத் தந்த பாடம்

இரண்டாவது வழி, இருந்த இடத்திலேயே மாறுவது. இது நடக்கக் கூடியதா? அமெரிக்காவில் கலிபோர்னியாவில் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள்.

அங்கே கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு செடி தானாக முளைக்கிறது. 1997-ல் அதன் விதைகளைச் சேகரித்து வைத்தார்கள். 2000 முதல் 2004 வரை மழை பொய்த்தது. 2004-ல் மறுபடியும் விதை சேகரித்தார்கள். பிறகு பழைய விதையின் வாரிசுகளையும் புதிய விதையின் வாரிசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார்கள்.

என்ன ஆச்சரியம்! வறட்சியைக் கண்ட வம்சம் முந்திப் பூத்தது. ஓர் இடத்துச் செடிகள் சுமார் 2 நாள் முன்னதாகவும், இன்னோர் இடத்துச் செடிகள் 8 நாளுக்கு மேல் முன்னதாகவும் பூத்தன. பிராங்க்ஸ், சிம், வைஸ் ஆகிய மூவரும் 2007-ல் இதை வெளியிட்டார்கள்.

செடிக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. கூட்டத்தில் முந்திப் பூக்கும் செடிகளும் இருந்தன, பிந்திப் பூக்கும் செடிகளும் இருந்தன. மண் சீக்கிரம் காய்ந்ததால், பிந்தியவை விதை கட்டும் முன்பே வாடின. முந்தியவை விதை போட்டன. பிள்ளைகளும் தாயைப் போலவே பிறந்தன. அவ்வளவுதான் ரகசியம்.

மரத்துக்கு அவகாசம் உண்டா?

கடுகு ஆண்டுக்கு ஒரு தலைமுறை பார்க்கிறது. மரம் வளர்ந்து பூத்துக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் வெயில் காத்திருக்குமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. மாறுவதற்குக் கூட்டத்தில் பல குணங்கள் இருக்க வேண்டும். நூறு பேர் உள்ள குடும்பத்தில் ஒருவனாவது வெயில் தாங்குவான். நாலு பேர் உள்ள குடும்பத்தில்? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். காப்பித் தோட்டங்கள் பரவின. பல குடும்பங்களுக்குப் பிழைப்புக் கிடைத்தது. ஆனால் பழைய காடு துண்டு துண்டானது.

என்ன செய்யலாம்?

ஏற்காட்டில் 1963 முதல் இந்தியத் தாவர ஆய்வு நிறுவனத்தின் தோட்டம் இருக்கிறது. ஆர்க்கிட் செடிகளும் பல அபூர்வத் தாவரங்களும் அங்கே வளர்கின்றன. மேகாலயாவின் பூச்சி தின்னும் செடியைக்கூட அங்கே பார்க்கலாம். இது நல்ல காரியம். ஆனால் தோட்டத்தில் நாலு மரம் நின்றால் இனத்தின் பெயர் பிழைக்கும். அதன் பல குணங்கள் பிழைக்குமா? பல சரிவுகளிலிருந்தும், பல தாய் மரங்களிலிருந்தும் விதை எடுத்துக் கன்று வளர்க்க வேண்டும். கீழ்ச் சரிவில், வெயிலில் நின்று பழகிய மரத்தின் விதைக்கு மதிப்பு அதிகம். எஞ்சிய சோலைகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் விதைக்கு வழி கிடைக்கும்.

விதைநெல்லில் கை வைக்காத குடியானவனுக்கு இது தெரிந்த விஷயம்தான். அவன் பத்தாயத்தில் செய்ததை, நாம் மலையில் செய்ய வேண்டும்.